கட்டின் பின்பக்கத்தையும் படமெடுத்தவருக்கு

அன்புள்ள உங்கள் எல்லோருக்கும்,

அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் ஒரு பண்ணைக்கு ஹெரிடேஜ் ஃபார்ம் (பாரம்பரியப் பண்ணை) சான்று கேட்ட விண்ணப்பம் போய்ச் சேர்ந்துவிட்டது. ஜூன் 1 கெடுவுக்கு மூன்று நாள் மிச்சம் வைத்து, இணைப்புத் தாள்கள் முப்பத்தொன்றும் சேர்த்து. கடைசி ஐந்து வாரம் எப்படிப் போனது என்று உங்களுக்கே தெரியும். உங்களில் பாதிப் பேர் அந்த அல்லாட்டத்தில் கூடவே இருந்தவர்கள். ஆகவே அந்தக் கதை வேண்டாம். யாருக்கு என்ன கடன்பட்டிருக்கிறோம் என்பதை மட்டும் ஈரம் காயும் முன் எழுதிவிடுகிறோம். ஆங்கில மடல்களை அவரவருக்குத் தபாலில் அனுப்பியாயிற்று. இது தமிழில் கூட நின்றவர்களுக்கு.

சிக்கலை நாலு வரியில் நினைவூட்டினால் போதும். அயோவாவின் வடகிழக்கு மூலையில் ஒரு கால் செக்‌ஷன், அதாவது 160 ஏக்கர். 1857இல் அரசிடமிருந்து முதல் பட்டயம் பெற்றவர் ஒரு ஜெர்மன் குடியேறி. 1868 பிப்ரவரியில் உயில் எழுதாமல் இறந்துபோனார். பிறகு 1878 முதல் 1889 வரை வரிசையாக விடுதலைப் பத்திரங்கள் (தன் பங்கை விட்டுக்கொடுக்கும் பத்திரங்கள்), எல்லாமே வேறு குடும்பப் பெயர் கொண்ட ஒருவருக்கு. இன்று அந்த மண்ணை உழுபவர்கள் அந்த இரண்டாமவரின் வழி. தாளை மட்டும் பார்த்தால், முதல் குடும்பம் நிலத்தை அந்நியருக்கு விற்றுவிட்டுப் போய்விட்டது. அயோவாவின் ஹெரிடேஜ் ஃபார்ம் சான்றுக்குக் குறைந்தது 40 ஏக்கர் 150 ஆண்டு ஒரே குடும்பத்தில் விடாமல் இருந்திருக்க வேண்டும். 1878இலிருந்து எண்ணினால் தேறாது.

முதல் நன்றி, பெரிய நன்றி, அந்தக் கவுண்டியின் (நம்மூர் மாவட்டம் போன்றது) நீதிமன்ற எழுத்தர் அலுவலகத்தில் பழைய பதிவேடுகளைப் பார்த்துக்கொள்ளும் அம்மையாருக்கு. பெயர் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

நாங்கள் கேட்டது நாலு பக்கம்: 1868இல் இறந்தவரின் சொத்து நிர்வாகக் கட்டிலிருந்து மனு, சொத்துப் பட்டியல், வாரிசுப் பட்டியல், இறுதிக் கணக்கு. "அட்டவணையில் அந்தப் பெயர் இல்லை" என்று ஒரு வரி பதில் போட்டிருந்தால் அது பொய்யில்லை. உண்மையிலேயே இல்லை. காரணம் அயோவாவின் நீதிமன்ற வரலாறு. 1868 முடிய புரொபேட் விவகாரங்களை, அதாவது இறந்தவர்களின் சொத்து வழக்குகளை, கவுண்டி நீதிபதி பார்த்தார். 1869 முதல் அது சர்க்யூட் கோர்ட்டுக்குப் போனது. 1887இல் சர்க்யூட் கோர்ட்டும் ஒழிக்கப்பட்டு டிஸ்ட்ரிக்ட் கோர்ட்டின் கைக்கு வந்தது. இந்த இரண்டு மாற்றங்களிலும் பதிவேடு மாறியது, எண் மாறியது, அட்டவணை மாறியது. கவுண்டி நீதிபதியின் கடைசி ஆண்டில் தொடங்கிய ஒரு வழக்கு, இரண்டு அட்டவணைகளுக்கும் நடுவில் விழுந்து காணாமல் போவதற்கு இதைவிடத் தோதான ஆண்டு கிடையாது.

அவர் அத்தோடு விடவில்லை. சிறு பிள்ளைகளை விட்டுவிட்டு ஒருவர் நிலத்தோடு இறந்தால், பிள்ளைகளின் பங்குக்கு ஒரு கார்டியன் (பாதுகாவலர்) நியமிக்கப்பட்டிருப்பார் என்பது அவருக்குத் தெரியும். அந்தக் கட்டு அப்பா பெயரில் இருக்காது. மூத்த பிள்ளையின் பெயரிலோ கார்டியனின் பெயரிலோ இருக்கும். கடைசிப் பிள்ளை வயதுக்கு வரும்வரை ஆண்டுக் கணக்குகள் தாக்கலாகிக்கொண்டே இருப்பதால், புது நீதிமன்றத்தின் எண்ணோடு பத்து, பன்னிரண்டு ஆண்டு தள்ளிக்கூடக் கிடக்கும். சர்க்யூட் கோர்ட்டின் கார்டியன் பதிவேட்டை அவர் வரிவரியாகப் பார்த்தார். தகரப் பெட்டியைத் திறந்தார். எடுத்தார்.

வந்தது நாலு பக்கமில்லை, ஒன்பது படம். அந்த அதிகப்படியான ஐந்தும் தாள்களின் பின்பக்கம்.

இது ஏன் இவ்வளவு பெரிய விஷயம் என்பதற்குக் கொஞ்சம் விளக்கம். அந்தக் கால நீதிமன்றத் தாள்களை மூன்றாக மடித்து, நாடா கட்டி, தகரப் பெட்டியில் நிமிர்த்தி அடுக்கினார்கள். மடித்ததும் வெளியே தெரிகிற பட்டையில்தான் வழக்கின் தலைப்பும் எண்ணும் தாக்கலான தேதியும் எழுத்தரின் கையெழுத்தும் இருக்கும். உள்பக்கம் நிறைந்துவிட்டால் ரசீதுகளை அந்தப் பின்பக்கத்திலேயே எழுதிக்கொண்டார்கள். மைக்ரோஃபிலிம் எடுத்தபோது பல இடங்களில் முன்பக்கத்தை மட்டுமே எடுத்தார்கள். இன்று இணையத்தில் கிடைக்கிற படங்களில் கணிசமானவை அந்தப் பிலிமின் பிரதிகள்தான். ஆகவே "எல்லாம் பார்த்துவிட்டேன்" என்று சொல்பவர் பல நேரம் பாதியைத்தான் பார்த்திருப்பார்.

ஏழாவது படம் அப்படியொரு பின்பக்கம். 1875 ஏப்ரல் தேதியிட்ட ரசீது. இறந்துபோன தன் தந்தையின் சொத்தில் தனக்குரிய பணம் முழுவதும் கார்டியனிடமிருந்து வந்து சேர்ந்தது என்று ஒரு பெண் எழுதிக் கொடுத்திருக்கிறார். தந்தையின் பெயர், முதல் பட்டயம் பெற்றவரின் பெயர். கீழே கையெழுத்து கூரெண்ட் என்ற பழைய ஜெர்மன் கையெழுத்து முறையில், கணவனின் குடும்பப் பெயரோடு. அந்தக் கணவன்தான் 1878 முதல் விடுதலைப் பத்திரம் வாங்கியவர். ஆக நிலம் அந்நியருக்குப் போகவில்லை, மகளின் வீட்டுக்கே போனது; ஆண்டுகளை 1857இலிருந்தே எண்ணலாம்.

ரசீது ஏன் 1875 என்பதும் தற்செயல் இல்லை. அன்றைய அயோவா சட்டப்படி பெண்ணுக்கு மேஜர் வயது 18, ஆணுக்கு 21. ஆனால் திருமணம் ஆனால் அந்தக் கணமே மேஜர். இவருக்கு அந்தப் பிப்ரவரியில் பதினேழு வயதில் திருமணம். கார்டியன் அதிகாரம் முடிந்தது, கணக்கைத் தீர்க்க வேண்டியதாயிற்று. பிள்ளைகளில் பெண்கள் இருக்கிற கார்டியன் கட்டுகளில் இறுதி ரசீதை முதலில் தேடுங்கள் என்று இனி நாங்கள் எல்லோரிடமும் சொல்வோம். பிறந்த வீட்டுப் பெயரும் புகுந்த வீட்டுப் பெயரும் ஒரே தாளில் சந்திக்கிற இடங்கள் அந்த நூற்றாண்டில் மிகக் குறைவு.

மற்ற ஆவணங்கள் என்ன சொல்லின? ஒன்றுவிடாமல் தப்பாகச் சொல்லின. அந்தப் பெண்ணின் அம்மா 1869இல் மறுமணம் செய்துகொண்டார். 1870 சென்சஸில் கணக்கெடுத்தவர் பிள்ளைகள் அத்தனை பேரையும் மாற்றாந்தந்தையின் பெயரிலேயே எழுதிவிட்டார். குடும்பத் தலைவருக்கு என்ன உறவு என்ற கட்டம் 1880இல்தான் வந்தது, அதற்குள் பெண் வேறு வீட்டுக்குப் போய்விட்டார். திருமணப் பதிவேட்டில் மாற்றாந்தந்தையின் பெயர். அந்தப் பெண்ணின் மகன் பதில் சொன்ன 1925 அயோவா மாநில சென்சஸில் 'தாயின் கன்னிப் பெயர்' கட்டத்திலும் அதே பெயர். மூன்று ஆவணமும் ஒத்துப்போகிறதே என்று இணையத்துக் குடும்ப மரங்கள் அதையே நட்டு வைத்திருக்கின்றன. மூன்று சாட்சிகள் இல்லை. ஒரே சாட்சி மூன்று முறை பேசியிருக்கிறார். 1890 சென்சஸ் கைகொடுத்திருக்கலாம். அது 1921 ஜனவரியில் வாஷிங்டன் தீ விபத்தில் சிக்கியது. தப்பியதிலும் பெரும்பகுதியைப் பிறகு அழித்துவிட்டார்கள்.

ஒரே ஒரு இடத்தில் மட்டும் பொய் சொல்ல முடியவில்லை. அது கணக்கு. உயில் இல்லாததால் மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு, மீதி ஐந்து பிள்ளைகளுக்குச் சமமாக: ஆளுக்குப் பதினைந்தில் இரண்டு, பிரிபடாத பாகம், 21⅓ ஏக்கர். விடுதலைப் பத்திரங்களைக் கூட்டினால் நாலு பிள்ளைகளின் பங்கு 8/15, அம்மாவுடையது 5/15. மொத்தம் 13/15. மிச்சம் 2/15ஐ யாரும் யாருக்கும் எழுதிக் கொடுக்கவே இல்லை. ஆனால் வாங்கியவர் 160 ஏக்கரையும் தடையில்லாமல் அனுபவித்தார், அடமானமும் வைத்தார். எழுதிக் கொடுக்காத பங்கு ஏற்கெனவே அந்த வீட்டுக்குள் இருந்தது என்பதைத் தவிர வேறு விளக்கம் இல்லை. இந்தக் கூட்டலைப் போட்டுக் காட்டிய ஓய்வுபெற்ற பத்திர எழுத்தருக்கு எங்கள் இரண்டாவது நன்றி. அந்தப் பத்திரங்களைக் கண்டுபிடித்ததும் அவர்தான். விற்றவர்கள் நாலு பேர் என்றாலும் அட்டவணையில் மூத்த அண்ணனின் பெயர் மட்டும் ஏறி, மற்றவர்கள் 'மற்றும் பிறர்' ஆகிவிடுவார்கள். ஆகவே தங்கைகளின் பெயரில் ஆயுள் முழுக்கத் தேடினாலும் கிடைக்காது. ஆனால் சந்தேகம் வேறு, சான்று வேறு. கூட்டல் சந்தேகத்தைக் கொடுத்தது. சான்று அந்தப் பின்பக்கத்தில் இருந்தது.

அம்மையாரின் வேலையின் நேர்த்தியையும் சொல்லாமல் விட முடியாது. மடிப்பைப் பலவந்தமாக நிமிர்த்தவில்லை. நூற்றைம்பது ஆண்டு மடிந்த தாள் மடிப்பில்தான் ஒடியும். முதல் படம் வெளிப்பட்டை, வழக்கு எண் தெரியும்படி. பிறகு ஒவ்வொரு தாளும் முன், பின், முன், பின் என்று மாறாத வரிசையில். ஓரத்தில் ஒரு அடிக்கோல். வெளிச்சம் பக்கவாட்டில். எந்த ரசீது எந்தக் கணக்கோடு சேர்ந்தது என்று ஒரு நொடிகூடத் தடுமாற வேண்டியிருக்கவில்லை.

மற்றவர்களை ஒரே மூச்சில் சொல்கிறோம், குறை நினைக்க வேண்டாம். சோளக் கொல்லை நடுவில் இருக்கும் பழைய கல்லறைத் தோட்டத்துக்கு நடந்துபோய், கண்ணாடியால் வெயிலைச் சாய்வாகத் திருப்பி, தேய்ந்துபோன சலவைக் கல்லைப் படித்துக் கொடுத்த பக்கத்துப் பண்ணைக்காரர். ஷேவிங் நுரை பூசினால் எழுத்து பளிச்சென்று தெரியும், ஆனால் கல் அரித்துவிடும் என்று அவரே எங்களுக்குச் சொன்னார். 1868 பிப்ரவரி 11இல் மரணம், வயது 38 ஆண்டு 4 மாதம் 9 நாள் என்று இருந்தது. கழித்தால் பிறந்த தேதி 1829 அக்டோபர் 2. லுத்தரன் தேவாலயப் பதிவேட்டைப் படித்த இரண்டு தன்னார்வலர்கள்: மகளின் ஞானஸ்நானத்தில் '7ber' என்று இருந்ததை முன்பு யாரோ ஜூலை என்று குறித்து வைத்திருந்தார்கள். அது செப்டெம்பர், லத்தீனில் செப்டெம் என்றால் ஏழு. 8ber அக்டோபர், 9ber நவம்பர். 1860 சென்சஸின் வேளாண் அட்டவணையில் திருத்திய நிலம் 45 ஏக்கர், திருத்தாதது 115 என்று அந்தக் குடும்பத்தின் வரியைத் தேடித் தந்தவர். அதனால் முதல் பட்டயக்காரர் வாங்கிப் போட்டுவிட்டுப் போன வியாபாரி இல்லை, அங்கேயே உழுதவர் என்பது உறுதியானது. 1857 பட்டயத்தில் முதலில் வரும் போர்வீரரின் பெயரைப் பார்த்து அவரைப் பாட்டனாராக்கிவிடாமல் எங்களைத் தடுத்தவர்: 1855 சட்டப்படி பழைய வீரர்களுக்கு 160 ஏக்கர் வாரண்ட் (அரசு நிலம் பெறும் உரிமைச் சீட்டு) கொடுத்தார்கள், பலர் அதைக் காசுக்கு விற்றுவிட்டார்கள், பட்டயத்தில் விற்ற வீரரின் பெயர் முதலில் வரும், வாங்கியவர் பெயர் பின்னால் வரும். 1885 மாநில சென்சஸில் வீட்டின் செக்‌ஷன் எண்ணைப் பார்த்து, கணவனும் மனைவியும் அதே கால் செக்‌ஷனில் குடியிருந்ததைச் சரிபார்த்த மாணவி. எல்லோருக்கும் நன்றி.

இனி எந்த அலுவலகத்துக்கு எழுதினாலும் நாங்கள் மூன்று வாக்கியம் சேர்த்து எழுதுவோம். இறந்தவர் பெயரிலும் கார்டியன் பெயரிலும் மூத்த பிள்ளையின் பெயரிலும் பார்க்கவும். நீதிமன்றம் மாறிய ஆண்டாக இருந்தால் அடுத்த நீதிமன்றத்தின் பதிவேட்டையும் பார்க்கவும். எழுத்து இருந்தாலும் இல்லாவிட்டாலும் பின்பக்கத்தையும் எடுக்கவும். அதோடு ஒரு நேர்ச்சை: வருகிற குளிர்காலத்தில் அந்தக் கவுண்டியின் கார்டியன் பெட்டிகளில் இருக்கிற பெண் பிள்ளைகளின் பெயர்களை மட்டும், இரண்டு குடும்பப் பெயரோடும், தனிப் பட்டியலாக எழுதிக் கொடுக்க ஒப்புக்கொண்டிருக்கிறோம். அட்டவணையில் அவர்கள் இன்னும் 'மற்றும் பிறர்' ஆகத்தான் இருக்கிறார்கள்.

அம்மையாருக்கு ஏதாவது அனுப்பலாமா என்று கேட்டோம். பரிசு வாங்க விதி இடம் தராது என்றார். அலுவலகத்துக்கு ஏதாவது வேண்டுமா என்று மாற்றிக் கேட்டோம். கொஞ்ச நேரம் யோசித்து, வெளுக்காத பருத்தி நாடா இருந்தால் நல்லது, கட்டுகளில் இப்போது ரப்பர் பேண்ட் போட்டிருக்கிறார்கள், அது காய்ந்து தாளோடு ஒட்டிக்கொள்கிறது என்றார். நாலு சுருள் நாடாவும் அமிலம் இல்லாத உறை நூறும் நேற்று தபாலில் போயின. அந்த ரசீது இருக்கும் கட்டை முதலில் மாற்றிக் கட்டச் சொல்லியிருக்கிறோம்.

நன்றியுடன்,
தேடிய நால்வர்