தையற்கடை அக்காவுக்கும் உடன் நின்ற எல்லோருக்கும்

எங்கள் தெருவுக்கு அடைக்கப்பட்டிருந்த பாதை, தாலுகா அலுவலகத்தின் முன் நாம் உட்கார்ந்து போராடிய பிறகு திறந்துவிட்டது. எங்கள் தெருப் பிள்ளைகள் அதில் சைக்கிள் ஓட்டுகிறார்கள். எழுத உட்கார்ந்தால் கண் நிறைகிறது.

உடன் அமர்ந்த தோழர்கள், மனு எழுதித் தந்த வழக்கறிஞர்கள், மதுரையிலிருந்து வந்த மாணவர்கள், சோறு பொங்கிய பெரியம்மாக்கள் எல்லோருக்கும் நன்றி. ஒருவரைப் பற்றி மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டும்.

தாலுகா அலுவலகத்துக்கு எதிரே தையற்கடை வைத்திருக்கும் அக்கா எங்கள் தெருவும் இல்லை, எங்கள் சாதியும் இல்லை. முதல் நாள் உச்சி வெயிலில் பெண்கள் யாரும் தண்ணீர் குடிக்கவில்லை. குடித்தால் ஒதுங்க இடமில்லை. கூட்டத்திலிருந்த ஆண்கள் எவருக்கும் இது தோன்றவில்லை. அக்காவுக்குத் தோன்றியது. சாலையைக் கடந்து வந்து, கடைக்குப் பின்னாலிருக்கும் தன் வீட்டுக் கழிப்பறைச் சாவியை என் அம்மாவின் கையில் வைத்தார். “முடிகிறவரை உங்களிடமே இருக்கட்டும்மா” என்றார். இதற்காகவே சிலர் தைக்கக் கொடுத்த துணியைத் திரும்ப வாங்கிப் போனார்கள். அதை அவர் எங்களிடம் சொல்லவே இல்லை. பிறர் சொல்லித்தான் தெரிந்தது.

“கொஞ்சம் பொறுக்கலாமே, பேசித் தீர்க்கலாமே, வெளியூர்க்காரர்கள் தூண்டுகிறார்கள்” என்று சிலர் சொன்னார்கள். 1963 ஏப்ரலில் அமெரிக்காவின் பர்மிங்காமில், நிறவெறியை எதிர்த்துச் சிறைப்பட்ட மார்ட்டின் லூதர் கிங்கின் போராட்டத்தைப் பற்றியும் எட்டு மதகுருமார்கள் இப்படித்தான் அறிக்கை விட்டார்கள். பேச மறுப்பவர்களைப் பேச வரவைப்பதற்கே போராட்டம் என்று அவர் சிறையிலிருந்து பதில் எழுதினார். எங்களுக்கும் அதுவே நடந்தது. மனுக்கள் தூங்கின; உட்கார்ந்த பிறகுதான் பேச அழைத்தார்கள். தாழ்த்தப்பட்ட மக்களுக்கு நுழைவு மறுக்கப்பட்டிருந்த நம் மீனாட்சி கோயிலில் 1939 ஜூலை 8 அன்று வைத்தியநாத ஐயரும் கக்கனும் மற்றவர்களும் நுழைந்தார்கள். அவர்களைக் காக்கும் அவசரச் சட்டம் அதன் பிறகுதான் வந்தது.

சும்மா உட்கார்வது கோழைத்தனம் என்று கோபப்பட்ட நம் தம்பிகளுக்கும் ஒன்று சொல்கிறேன். ஒரே ஒரு கல் பறந்திருந்தாலும் அக்கா கடையை இழுத்துச் சாத்தியிருப்பார். அவரைக் குறை சொல்லவும் முடியாது. நாம் அமைதியாக இருந்ததால்தான் அவரால் சாலையைக் கடந்து வர முடிந்தது.

இனி எந்த ஊரில் பெண்கள் நியாயம் கேட்டு உட்கார்ந்தாலும், அவர்கள் ஒதுங்க இடம் இருக்கிறதா என்று முதலில் பார்ப்பேன். இது என் உறுதி.

அக்கா, பொங்கலுக்கு எங்கள் தெருப் பெண்களின் ரவிக்கைத் துணி அத்தனையும் உங்களிடம்தான் வரும். கூலியைக் குறைக்காதீர்கள்.