8.4 மீட்டர் என்றால் எவ்வளவு?

அன்பு மகளுக்கு,

நீ வார இறுதியில் கணக்குச் சொல்லிக்கொடுக்கும் பையன் கேட்டானே, "8.45-ஐ ஒரு தசம இடத்துக்கு முழுமைப்படுத்தினால் 8.5 வருகிறது. அப்புறம் 8.4 என்று முழுமைப்படுத்திய நீளத்தின் மேல் எல்லை எப்படி 8.45 ஆகும்?" என்று. அவனை "அது விதி, எழுதிக்கொள்" என்று அடக்கிவிடாதே கண்ணு. ஜி.சி.எஸ்.இ. (இங்கிலாந்தில் பதினாறு வயதுவாக்கில் எழுதும் பள்ளித் தேர்வு) பாடத்தில் எல்லைகள் பற்றிய இந்தப் பகுதி முழுவதும் அந்த ஒரு கேள்வியில்தான் நிற்கிறது.

அவனிடம் திருப்பிக் கேள்: 8.4 ஆகிற எண்களில் மிகப் பெரியது எது? 8.44 என்பான். 8.445-உம் 8.4 தானே என்று கேள். 8.449 என்பான். 8.4495? இப்படியே போனால் கடைசி எண் என்று ஒன்று அகப்படாது. எல்லாமே 8.45-க்கு இந்தப் பக்கம் நெருங்கிக்கொண்டே போகும், அதைத் தொடாது. அந்த 8.45 ஒரு வேலி. வேலி மேல் யாரும் நிற்பதில்லை, ஆனாலும் நிலம் அதுவரைக்கும்தான். கீழ்ப்பக்கத்து எல்லையான 8.35-ஓ உள்ளே சேரும். அதனால்தான் 8.35 ≤ நீளம் < 8.45 என்று இரண்டு விதமான குறி போடுகிறோம். எண்கோட்டில் 8.35-இல் நிரப்பிய புள்ளி, 8.45-இல் வெற்று வட்டம். இதை அவன் கையாலேயே வரையச் சொல்.

எல்லை கண்டுபிடிக்க, எந்த அலகுக்கு முழுமைப்படுத்தினார்களோ அதில் பாதியைக் கூட்டு, பாதியைக் கழி. பாதியாக்க மறந்து 8.3, 8.5 என்று எழுதுவதுதான் அடிக்கடி வரும் தவறு. அதைவிட ஆழமான தவறு, எண்ணின் தோற்றத்தைப் பார்த்து அலகை ஊகிப்பது. 350 என்பது கிட்டிய 10-க்கு என்றால் 345 முதல் 355. கிட்டிய 50-க்கு என்றால் 325 முதல் 375. 350-ஐ எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் இந்த வித்தியாசம் தெரியாது.

எவரெஸ்டின் உயரத்தை 1856-இல் 29,002 அடி என்று அறிவித்தார்கள். கணக்கில் சரியாக 29,000 வந்ததாகவும், அப்படியே சொன்னால் ஏதோ ஆயிரத்துக்கு முழுமைப்படுத்திய குத்துமதிப்பு என்று உலகம் நினைத்துவிடும் என்று இரண்டு அடி சேர்த்ததாகவும் சொல்லப்படுகிறது. பயம் நியாயம்தான். கிட்டிய ஆயிரத்துக்கு 29,000 என்றால் 28,500 முதல் 29,500 வரை எதுவாகவும் இருக்கலாமே! 2020-இல் நேபாளமும் சீனாவும் சேர்ந்து சொன்னது 8848.86 மீட்டர். அந்தக் கடைசி 6 என்ன சொல்ல வருகிறது என்று அவனைக் கேட்டுப் பார்.

பாதி கூட்டிப் பாதி கழிக்கும் முறை சில இடங்களில் ஏமாற்றும். ஒரே முக்கிய எண்ணுருவுக்கு, அதாவது சுழியில்லாத முதல் இலக்கத்தை மட்டும் வைத்து முழுமைப்படுத்தி, 1000 என்றால் மேல் எல்லை 1500. கீழ் எல்லை 500 இல்லை, 950. ஆயிரத்துக்குக் கீழே வந்ததும் முதல் இலக்கம் நூறின் இடத்துக்கு இறங்கிவிடுகிறது. 960 ஆயிரமாகும், 940 தொள்ளாயிரமாகும். வயது இன்னொன்று. 17 வயது என்றால் 17 முதல் 18-க்குள், ஏனென்றால் அங்கே மிச்சத்தை வெட்டித்தான் சொல்கிறோம். தலை எண்ணிக்கையும் தனி. கிட்டிய நூறுக்கு 300 பேர் என்றால் அதிகபட்சம் 349 பேர். அங்கே கடைசி எண் உண்டு, அரை ஆள் கிடையாது.

இனிக் கணக்கு செய்வது. எதை எதோடு சேர்ப்பது என்று அட்டவணை போட்டு மனப்பாடம் செய்ய வைக்காதே. விடை பெரிதாக வேண்டுமென்றால் இந்த எண் பெரிதாக வேண்டுமா சிறிதாக வேண்டுமா என்று ஒவ்வொன்றுக்கும் கேட்கப் பழக்கு. கால்குலேட்டரைத் தொடுமுன் எல்லா எல்லைகளையும் முதல் வரியிலேயே எழுதிவிடட்டும். 8.4, 5.2 மீட்டர் பக்கங்களுள்ள அறையின் பரப்புக்குச் சிக்கலில்லை: 8.35 × 5.15 = 43.0025, 8.45 × 5.25 = 44.3625. கழித்தலில்தான் கை வழுக்கும். 10.2-இலிருந்து 9.9 போனால் 0.3. ஆனால் மிகப் பெரிய விடை 10.25 − 9.85 = 0.4, மிகச் சிறியது 10.15 − 9.95 = 0.2. கழிப்பது எவ்வளவு சிறிதோ அவ்வளவு மிஞ்சும். கிட்டத்தட்டச் சமமான இரண்டு அளவுகளைக் கழித்தால் மிஞ்சுவதில் நிச்சயம் எவ்வளவு குறைந்துவிடுகிறது, பார்.

வகுத்தலுக்கு ஓர் அலுமினியத் துண்டை எடுத்துக்கொள். கிட்டிய கிராமுக்கு 54 கிராம், கிட்டிய கன சென்டிமீட்டருக்கு 20. வகுத்தால் 2.7, அலுமினியத்தின் அடர்த்தியேதான். ஆனால் 53.5 ÷ 20.5 = 2.61, 54.5 ÷ 19.5 = 2.79. இரண்டு முக்கிய எண்ணுருவில் ஒன்று 2.6, மற்றது 2.8. இரண்டும் ஒத்துப்போவது 3 என்று எழுதும்போதுதான். இந்த அளவுகளை வைத்து உறுதியாகச் சொல்ல முடிவது அந்த 3 மட்டுமே. தேர்வில் "பொருத்தமான துல்லியத்தில் விடை தருக, காரணம் கூறுக" என்று கேட்பது இதைத்தான். காரணம் எழுதாமல் விட்டு மதிப்பெண் இழக்கிறார்கள்.

கெட்டிக்காரப் பிள்ளைகள் விழும் குழி ஒன்று உண்டு. a ÷ (a + b)-இன் மேல் எல்லை வேண்டும்; a = 6, b = 4 என்ற நீளங்கள், இரண்டும் கிட்டிய முழு எண்ணுக்கு. மேலே 6.5, கீழே 5.5 + 3.5 என்று போட்டு 0.72 கொண்டுவருவார்கள். ஒரே நீளம் ஒரே நேரத்தில் 6.5 ஆகவும் 5.5 ஆகவும் இருக்க முடியாது. மேலும் கீழும் a 6.5 தான்: 6.5 ÷ (6.5 + 3.5) = 0.65.

இடையில் முழுமைப்படுத்தக் கூடாது என்பதையும் சொல்லிவிடு. 8.446 முதலில் 8.45 ஆகி, பிறகு 8.5 ஆகிவிடும், நேராகப் போயிருந்தால் 8.4.

இவ்வளவும் ஆனபின் அவனுக்கு இதைக் கொடு. சமையலறையில் இடைவெளி 61 செ.மீ., ஃபிரிட்ஜின் அகலம் 60 செ.மீ., இரண்டும் கிட்டிய சென்டிமீட்டருக்கு. நிச்சயமாக உள்ளே போகுமா? இடைவெளி குறைந்தது 60.5. ஃபிரிட்ஜின் மேல் எல்லையும் 60.5. இடிக்கும் என்றுதான் முதலில் சொல்வான். அவன் வரைந்த வெற்று வட்டத்தை எடுத்து முன்னால் வை, பேசாமல் இரு.

நேரத்துக்குச் சாப்பிடு.

அன்புடன்,
அம்மா