ஞாயிறு கூட்டம்: அரசு ஊழியரின் கூட்டுப்பேர உரிமை

ஓய்வுபெற்ற ஊழியர் குழு உறுப்பினர்களுக்கு வணக்கம். வரும் ஞாயிறு மாலை 4.30 மணிக்குப் பாளையங்கோட்டை வ.உ.சி. மைதான வாசலில் கூடுகிறோம்.

2003 ஜூலையில் நடந்த தமிழக அரசு ஊழியர் வேலைநிறுத்தத்தில் டெஸ்மா என்னும் தமிழ்நாடு இன்றியமையாப் பணிகள் பராமரிப்புச் சட்டத்தின்கீழ் ஏறத்தாழ 1,70,000 பேர் பணிநீக்கம் செய்யப்பட்டதும், ஆகஸ்ட் 6 அன்று அரசு ஊழியருக்கு வேலைநிறுத்த உரிமை இல்லையென உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்ததும் நம்மில் பலர் நேரில் பட்டவை. ஆயினும், சங்க உரிமையையும், ஊழியர் சங்கமாகச் சேர்ந்து ஊதியம், பணிநிலை குறித்துப் பேசி உடன்பாடு காணும் கூட்டுப்பேரத்தையும் காக்கும் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 87, 98ஆம் உடன்படிக்கைகளை இந்தியா ஏற்புறுதி செய்யாததே மூலக் குறை என்பது என் கருத்து.

1. பணிநீக்க ஆணையின் நகல் வைத்திருப்போர் கொண்டுவர வேண்டுகிறேன். (என்னுடையது மடிப்பில் கிழிந்து, செலோடேப்பில் நிற்கிறது.)
2. கட்சிச் சண்டை வேண்டாம்.
3. வருவோர் சனிக்கிழமை இரவு 8 மணிக்குள் இங்கே பதிலிடவும்; டீக்கும் ஆமவடைக்கும் சொல்ல வேண்டும்.