சிலுவையின் அடியில் நின்றவர்கள்

கிறிஸ்துவுக்குள் அன்பான மகளுக்கு, அப்பா எழுதுவது.

இங்கே எல்லாரும் நலம். அம்மாவின் முழங்கால் வலி குறைந்திருக்கிறது. தம்பி வேலை மாறுவதைப் பற்றி இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை. அவனே உன்னிடம் சொல்வான். பெரிய அத்தை உன்னை மிகவும் விசாரித்தாள். இன்னும் பல செய்திகள் எழுத நினைத்துத்தான் உட்கார்ந்தேன். மனம் ஒரே இடத்துக்குத்தான் போகிறது.

ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மா உன்னிடம் "ஆராதனை முடிந்து வந்துவிட்டாயா?" என்று கேட்கும்போதெல்லாம் நீ வேறு பேச்சுக்குத் தாவுகிறாய். அவளும் விட்டுவிடுகிறாள். நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறேன். அந்தக் கேள்வியை நான் கேட்கப் போவதில்லை. நீ அனுப்பிய படத்தில் கழுத்தில் பாட்டியின் சிலுவைச் சங்கிலி இல்லை. அதையும் கேட்கப் போவதில்லை. பத்திரமாக வைத்திருக்கிறாயா என்று மட்டும் சொல். வேண்டாம், அதையும் நீயாகச் சொல்லும்போது சொல்.

ஓய்வுநாள் பள்ளியில் நீ சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தபோது, "ஆளைக் கொல்லும் கருவியை ஏன் அப்பா தங்கத்தில் செய்து போட்டுக்கொள்கிறோம்?" என்று கேட்டாய். வகுப்பில் ஒரு பையன் உன்னிடம் கேட்டானாம், பதில் தெரியவில்லையாம். எத்தனையோ பெரியவர்கள் வாழ்நாள் முழுவதும் கேட்காத கேள்வி அது. அதைத் தட்டிக்கழிக்காமல் வீடுவரை சுமந்து வந்த பெண்ணுக்கு நான் தகப்பன் என்பதில் எனக்கு இன்றும் பெருமைதான்.

முதல் கிறிஸ்தவர்கள் அதைப் போட்டுக்கொள்ளவில்லை அம்மா. சிலுவை என்றால் என்னவென்று அவர்கள் கண்ணால் பார்த்திருந்தார்கள். ரோமர் அதை அடிமைகளுக்கும் கலகக்காரருக்கும் வைத்திருந்தார்கள். கி.மு. 71-இல் ஸ்பார்டகஸின் அடிமைக் கிளர்ச்சியை அடக்கியபின், கப்புவாவிலிருந்து ரோம்வரை சாலையோரமாக ஆறாயிரம் பேரைச் சிலுவையில் தொங்கவிட்டார்கள். வழிப்போக்கர் பார்க்க வேண்டும் என்பதற்காகவே அப்படிச் செய்தார்கள். அதனால்தான் ஆதிச் சபையார் மீனை வரைந்தார்கள், நங்கூரத்தை வரைந்தார்கள், ஆட்டைத் தோளில் சுமக்கும் மேய்ப்பனை வரைந்தார்கள். சிலுவையில் தொங்கும் ஆண்டவரை வரைய அவர்களுக்குக் கை வரவில்லை. நான்காம் நூற்றாண்டில் அந்தத் தண்டனையே நின்றுபோனது. அதற்கும் பிறகு, ஐந்தாம் நூற்றாண்டில்தான், ரோமில் சாந்தா சபீனா ஆலயத்தின் மரக்கதவில் அந்தக் காட்சியைச் செதுக்கினார்கள்.

அதற்கு முன்பே வேறொருவன் வரைந்துவிட்டான். ரோமில் பாலட்டைன் குன்றின் ஒரு கட்டடச் சுவரில், சுமார் கி.பி. 200-ஐ ஒட்டிய காலத்தில், கேலிக்காகக் கீறிய படம். சிலுவையில் ஓர் உருவம் தொங்குகிறது; அதற்குக் கழுதைத் தலை. கீழே ஓர் ஆள் கையை உயர்த்தி நிற்கிறான். "அலெக்சாமெனோஸ் தன் கடவுளை வணங்குகிறான்" என்று கோணல்மாணலாக எழுதியிருக்கிறது. கூட இருந்தவர்கள் யாரோதான் கீறியிருக்க வேண்டும். அந்தப் பையன் தினமும் அந்தச் சுவரைக் கடந்து போயிருப்பான் என்று நினைக்கும்போது எனக்கு வயிறு எரிகிறது. அதே கட்டடத்தில் இன்னோர் அறைச் சுவரில் "அலெக்சாமெனோஸ் விசுவாசமுள்ளவன்" என்று இன்னொரு கீறல் இருக்கிறது. அதை எழுதியது அவனா, அவனுக்காக வேறொருவரா, யாருக்கும் தெரியாது. வேறொருவர் எழுதியிருக்க வேண்டும் என்று நான் ஆசைப்படுகிறேன். அந்த வேறொருவருக்குத்தான் சபை என்று பெயர்.

நீ என்ன சொல்வாய் என்று தெரியும். அவனைக் கேலி செய்தவர்கள் வெளியார். உன்னைப் பேசியவர்கள் உன் பக்கத்தில் நின்று பாடியவர்கள். உன் திருமணக் காரியம் அப்படி முடிந்தபோது ஜெபம் செய்ய வந்தவர்களே வாசலில் நின்று என்ன பேசினார்கள் என்பது என் காதிலும் விழுந்தது. அதைச் சின்ன விஷயம் என்று ஒருநாளும் சொல்லமாட்டேன். அவர்கள் செய்தது பாவம்.

ஆனால் ஒன்றைப் பார். "சிலுவையைப்பற்றிய உபதேசம் கெட்டுப்போகிறவர்களுக்குப் பைத்தியமாயிருக்கிறது, இரட்சிக்கப்படுகிற நமக்கோ அது தேவபெலனாயிருக்கிறது" என்று பவுல் எழுதியது எந்தச் சபைக்கு? கொரிந்துவுக்கு. நான் இவரைச் சேர்ந்தவன், நீ அவரைச் சேர்ந்தவன் என்று கட்சி பிரிந்த சபை. சகோதரன்மேல் சகோதரன் வழக்குப் போட்ட சபை. கர்த்தருடைய பந்திக்குக் கூடிவந்து, இருப்பவன் முந்திக்கொண்டு சாப்பிட, இல்லாதவன் பசியோடு நின்ற சபை. அவர்களைத்தான் கடிதத்தின் தொடக்கத்திலேயே "தேவனுடைய சபை" என்கிறார். பிறகு ஒவ்வொன்றாகக் கண்டிக்கிறார், ஒன்றையும் மூடி மறைக்கவில்லை. ஒழுங்கான சபையாக இருந்திருந்தால் அவர்களுக்குச் சிலுவையைப் பற்றி அவ்வளவு அழுத்தமாக எழுதத் தேவை இருந்திருக்காது என்று எனக்குத் தோன்றும்.

ஆண்டவர் போதும், ஆட்கள் வேண்டாம் என்று நீ நினைக்கிறாயோ என்பதுதான் என் பயம். நான் யோவான் சுவிசேஷத்தின் 19-ஆம் அதிகாரத்தை எத்தனையோ முறை வாசித்திருக்கிறேன். நீ போனபிறகு வேறு விதமாக வாசிக்கிறேன். மூச்சு வாங்கும் வேதனையிலும் அவர் தம் தாயைப் பார்க்கிறார், அருகே நின்ற சீஷனைப் பார்க்கிறார். "அதோ, உன் மகன்." "அதோ, உன் தாய்." அந்நேரமுதல் அந்தச் சீஷன் அவளைத் தன்னிடமாய் ஏற்றுக்கொண்டான். இரத்த உறவில்லாத இரண்டு பேரைச் சிலுவையின் அடியில் நிற்க வைத்து ஒரு வீடாக்கிவிட்டார். சிலுவையை மட்டும் எடுத்துக்கொண்டு, அதன் அடியில் நிற்கிறவர்களை விட்டுவிட முடியுமா? முயன்று பார்க்கலாம். எனக்கு அது கூடிவரும் என்று தோன்றவில்லை.

கைபேசியில் ஆராதனை பார்ப்பதாகத் தம்பியிடம் சொன்னாயாம். நல்லது, ஒன்றுமில்லாததற்கு அது மேல். ஆனால் திருவிருந்து உன் கைக்கு வர வேண்டுமானால் ஒருவர் உன் எதிரே வந்து நிற்க வேண்டும். போன திருவிருந்தில் என் பக்கத்தில் முழங்கால்படியிட்டவரை நீ அறிவாய். அந்தப் பேச்சுக்குப் பின் நானும் அவரும் முகம் பார்ப்பதில்லை. அப்பத்துக்காக விரித்த அவருடைய கை நடுங்கிக்கொண்டிருந்தது, நகமெல்லாம் வெளுத்துப்போய். என் கையும் அதே மாதிரி ஏந்தியபடி பக்கத்தில் இருந்தது. என் கோபம் தீர்ந்துவிட்டது என்று சொல்லவில்லை. அந்தக் கையைத் தட்டிவிட எனக்கு உரிமை இல்லை என்பது மட்டும் தெரிந்தது.

நீ பிடிவாதக்காரி. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். அந்தப் பிடிவாதத்தால்தான் அந்த வருடத்தைக் கடந்து வந்தாய், தனியாக வேலை தேடிக்கொண்டாய், யாரிடமும் கை நீட்டவில்லை. அதே பிடிவாதத்தை ஆலயத்தின்மேல் காட்டுகிறாய் என்பதுதான் எனக்கு வருத்தம். மூன்று நான்கு பேருடைய வாயை நீ சபையாக்கிவிட்டாய். உன் அறுவைச் சிகிச்சையன்று இரவெல்லாம் உட்கார்ந்திருந்த பெரியம்மா சபை இல்லையா? உனக்கு ஞானஸ்நானம் கொடுத்தபோது எழுந்து நின்று பொறுப்பேற்றவர்கள் சபை இல்லையா?

நீ இப்போது இருக்கும் ஊரில் உன்னை யாருக்கும் தெரியாது. பழைய கதை யாருக்கும் தெரியாது. ஒரு ஞாயிறு போய்ப் பின்வரிசையில் உட்கார். பாட வேண்டாம், பேச வேண்டாம். ஆசீர்வாதம் முடிந்ததும் எழுந்து வந்துவிடு. மனம் வந்தபின் போகிறேன் என்று காத்திராதே. சிரேனே ஊரானாகிய சீமோன் மனம் வந்தா ஆண்டவருடைய சிலுவையைச் சுமந்தான்? வயலிலிருந்து வழியே வந்துகொண்டிருந்தவனைப் பிடித்துப் பலவந்தம்பண்ணினார்கள். ஆனால் மாற்கு அவனை "அலெக்சந்தருக்கும் ரூப்புக்கும் தகப்பன்" என்று எழுதுகிறார், வாசிக்கிறவர்களுக்கு அந்தப் பிள்ளைகளை ஏற்கெனவே தெரியும் என்பதுபோல. விருப்பமில்லாமல் சுமந்தவனுடைய பிள்ளைகள் சபையிலே பேர் தெரிந்தவர்களாக இருந்திருக்கிறார்கள். ரோமருக்கு எழுதும்போது பவுல் வாழ்த்துகிற ரூப்பும் அந்தப் பிள்ளையாகவே இருக்கலாம் என்கிறார்கள். அந்த ரூப்பின் தாயைத் தமக்கும் தாய் என்கிறார் பவுல்.

ஆகவே போ அம்மா. பின்வரிசை போதும்.

தம்பி அடுத்த மாதம் உன்னைப் பார்க்க வருவான். அவனிடம் உன் பழைய பாட்டுப் புத்தகத்தைக் கொடுத்தனுப்பலாமா என்று அம்மா கேட்கிறாள். வேண்டுமென்றால் அவளிடமே சொல். மருந்தை வேளை தவறாமல் சாப்பிடு. இரவில் தாமதமாகத் தனியே வராதே.

அன்புடன்,
அப்பா