டுட்டர்களை நியமிக்கும் துறைத் தலைவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய சிங்கப்பூர்ப் பல்கலைக்கழகத் துறைத் தலைவர்களுக்கு,

வணக்கம். டுட்டர் (டுட்டோரியல் என்ற சிறு குழு வகுப்பை நடத்துபவர்) வேலைக்கு ஆள் எடுக்கும்போது மதிப்பெண் பட்டியலைத்தான் முதலில் பார்க்கிறீர்கள். அதோடு மாணவர் எழுதிய தவறான விடை ஒன்றையும் விண்ணப்பதாரர் கையில் கொடுத்துப் பாருங்கள்.

உதாரணத்துக்கு: 200 கிராம் பொருள், வேகம் விநாடிக்கு 3 மீட்டர், இயக்க ஆற்றல் எவ்வளவு? மாணவர் 900 ஜூல் என்று எழுதியிருக்கிறார். சரியான விடை 0.9. சிவப்பு மையால் அடித்துவிட்டுப் போகிறவர் வேண்டாம். வாய்ப்பாடு சரி, வேகத்தை வர்க்கப்படுத்தியதும் சரி, கிராமைக் கிலோகிராமாக மாற்றவில்லை, அவ்வளவுதான் என்று கண்டுபிடிப்பவரை எடுங்கள். "இவ்வளவு சின்னப் பொருளுக்கு 900 ஜூலா?" என்று மாணவரையே யோசிக்க வைப்பவர் கிடைத்தால் விடாதீர்கள்.

வகுப்பில் இருப்பவர்கள் ஒரே மாதிரி இல்லை. தொடக்கக் கல்லூரியிலிருந்து (ஜூனியர் காலேஜ்) நேரே வந்த பெண்களுக்குத் தொகையீடு நினைவில் இருக்கும். ஆண்களுக்குக் கட்டாயமான இரண்டு ஆண்டு தேசிய சேவை முடித்து வந்த பையன்களுக்குப் பாதி மறந்திருக்கும். பலதுறைத் தொழிற்கல்லூரியில் (பாலிடெக்னிக்) படித்தவர்களுக்கு ஆய்வகம் கைவந்த கலை, நிரூபணம் என்றால் தயக்கம். முதல் டுட்டோரியலில் மதிப்பெண் இல்லாத மூன்று கேள்விகளை ஐந்து நிமிடத்தில் எழுதச் சொன்னால் எங்கே தொடங்குவது என்று தெரிந்துவிடும்.

"புரிஞ்சுதா?" என்று கேட்பதில் பயனில்லை, எல்லாரும் தலையாட்டுவார்கள். "அடுத்த வரியில் என்ன வரும்?" என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ள வேண்டும். ஆசிரியர்கள் கேள்வி கேட்டபின் சராசரியாக ஒரு விநாடிதான் காத்திருக்கிறார்கள், அதை மூன்று விநாடியாக்கினால் பதில்கள் நீளமாகவும் காரணத்தோடும் வருகின்றன என்று அமெரிக்க ஆய்வாளர் மேரி பட் ரோ 1970களிலேயே காட்டினார். அந்த மூன்று விநாடி புது டுட்டருக்கு யுகமாகத் தெரியும், தானே விடையைச் சொல்லிவிடுவார்.

இன்னொன்று, தமிழ் டுட்டர்களான நம்மவர்களுக்கு: வகுப்பு முடிந்து மாணவர் தமிழில் சந்தேகம் கேட்டால் தமிழிலேயே விளக்குவதில் தவறில்லை. அதே விளக்கம் அடுத்த வகுப்பில் எல்லாருக்கும் ஆங்கிலத்தில் போய்ச் சேர வேண்டும். இல்லாவிட்டால் சலுகை என்ற பேச்சு கிளம்பும்.

திருத்துவதில்தான் புகார் அதிகம். மேலே சொன்ன 900க்கு ஒரு டுட்டர் சுழியம் போடுவார், இன்னொருவர் ஒரு மதிப்பெண் மட்டும் குறைப்பார். விடைத்தாள்களைப் பங்கிடும் முன் ஆறு தாள்களை எல்லா டுட்டர்களும் தனித்தனியே திருத்தட்டும். 20 மதிப்பெண்ணுக்கு இரண்டுக்கு மேல் வித்தியாசம் வரும் கேள்விக்கு மதிப்பீட்டு விதியைத் திருத்தி எழுதுங்கள். பிறகு தாள் தாளாக அல்ல, கேள்வி கேள்வியாகத் திருத்த வேண்டும். முதல் கேள்வியை நன்றாக எழுதியவருக்கு ஐந்தாவதிலும் கை தாராளமாகிவிடும். கடைசித் தாள் முடிந்ததும் முதல் ஐந்தை மறுபடி பார்க்க வேண்டும், ஏனென்றால் போகப்போக அளவுகோல் நகர்கிறது.

இதற்கெல்லாம் நேரம் வேண்டும். பல துறைகளில் டுட்டோரியல் மூன்றாம் வாரத்தில்தான் தொடங்குகிறது. முதலிரண்டு வாரங்களில் இரண்டு மணி நேரக் கூட்டம் ஒன்றை வைத்து, அதையும் திருத்தும் நேரத்தையும் சம்பளக் கணக்கில் சேருங்கள். வகுப்பு நேரத்துக்கு மட்டும் கூலி கொடுத்தால் திருத்தும் வேலை நள்ளிரவுக்குத்தான் தள்ளிப்போகும்.

இப்படிக்கு,
சிங்கப்பூர்ப் பல்கலைக்கழகங்களில் டுட்டோரியல் நடத்தும் தமிழர்கள் சிலர்