அப்பத்தாவுக்கும் ஒரு தொழில் இருந்தது

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பாம்பன் புதிய ரயில் பாலம் 2025 ஏப்ரலில் திறந்தபோது உங்கள் நாளிதழில் பக்கம் பக்கமாகப் போட்டீர்கள். தூக்கு இடைவெளி 72.5 மீட்டர், பழைய பாலம் வந்தது 1914இல் என்று எல்லாம் இருந்தது, நானும் ஒரு வரி விடாமல் படித்தேன். அந்தப் பக்கத்துக் கடலில் நாற்பது வருஷம் போல முங்கிக் கடல்பாசி எடுத்த என் அப்பத்தா போன மாதம் காலமானார். அவரைப் பற்றியும் உங்கள் பேப்பரில் கொஞ்சம் இடம் கேட்கத்தான் இந்தக் கடிதம்.

எழுத வைத்தது ஒரு படிவம். இறப்பைப் பதியப் போன இடத்தில் இறந்தவர் என்ன தொழில் செய்தார் என்று கேட்டார்கள். சித்தப்பா "பாசி எடுக்கிறவங்க" என்றார். எழுதிக்கொண்டிருந்தவர் நிமிராமலே "வயசானவங்கதானே, தொழில் இல்லைன்னு போட்டுக்கிறேன்" என்று போட்டுவிட்டார். துக்க வீட்டுக்காரர்கள் அங்கே நின்று என்ன சண்டை போடுவது?

அப்பத்தா பிறந்தது தனுஷ்கோடியில். இலங்கைக்குப் போகிற தலைமன்னார் கப்பலுக்கு வருகிற ஆட்களிடமும் தீர்த்தமாட வருகிறவர்களிடமும் சிப்பி மாலை விற்று வளர்ந்தவர். கல்யாணமாகிப் பாம்பனுக்கு வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை, 1964 டிசம்பர் 22 ராத்திரி அடித்த புயலில் பிறந்த வீட்டு ஆட்கள் அத்தனை பேரும் போய்விட்டார்கள். பாசஞ்சர் ரயிலையே கடல் கொண்டுபோன ராத்திரி அது. அடித்துப் போன பாலத்தை 46 நாளில் சரிசெய்த கதை எல்லோருக்கும் தெரியும், ஆனால் அது சரியாகிற வரை பாம்பனில் அடுப்பு எப்படி எரிந்தது என்று அப்பத்தா சொல்லித்தான் நான் கேட்டிருக்கிறேன். நாலைந்து வீட்டுக்கு ஒரே பானைக் கஞ்சி, மணலைக் கையால் தோண்டி ஊற்று எடுத்த தண்ணீர், தொட்டுக்கொள்ளக் கருவாடு. "உப்புக்கு மட்டும் பஞ்சமில்லைய்யா" என்று சொல்லிச் சிரிப்பார். எங்களுக்குத்தான் சிரிப்பு வராது.

தாத்தாவுக்கு இடுப்பு போய் வத்தையில், அதாவது மீன்பிடிப் படகில், ஏற முடியாமல் ஆனபோது வீட்டில் நாலு பிள்ளைகள். அப்போது கடலுக்கு இறங்கியவர்தான். சேலையைத் தார்ப்பாய்ச்சிக் கட்டி மேலே தாத்தாவின் சட்டை, முகத்தில் கண்ணாடி, விரலெல்லாம் துணிச் சுற்று, காலில் ரப்பர் செருப்பு, இடுப்பில் பை. குருசடை, பூமரிச்சான், புள்ளிவாசல் தீவுகளை ஒட்டி மூச்சை அடக்கி முங்கி, பாறையில் ஒட்டியிருக்கிற மரிக்கொழுந்துப் பாசியையும் கட்டக்கோரைப் பாசியையும் பறித்துக்கொண்டு வருவார்கள். துணி சுற்றியும் பாறை கிழிக்கும், சொறி மீன் பட்டால் ராத்திரி முழுக்க எரியும். கரைக்கு வந்தால் காய வைக்கிற வேலை. வியாபாரி ஈரம், மணல் என்று எடையில் கழிப்பார் என்பதால் அப்பத்தா அவர் கண் முன்னாலேயே சாக்கை உதறிக் காட்டி, "இப்ப சொல்லு, மணல் எங்க இருக்கு?" என்று கேட்டு நிற்பார். அந்த வாய்க்கு ஊரே பயப்படும், நாங்களும்தான்.

வேரோடு பிடுங்கினால் இளசுகளுக்கு நல்ல ஏச்சு கிடைக்கும். தீவுகளைச் சுற்றின கடல் 1986இல் தேசியப் பூங்கா ஆனது. அதற்கப்புறம் கெடுபிடி கூடக் கூட, பாசி எடுக்கிற பெண்களே உட்கார்ந்து பேசி மாதத்தில் 12 நாள் மட்டும் போவது, மற்ற நாளில் வளர விடுவது என்று முடிவு செய்தார்கள். அப்பத்தா அதை முதலில் திட்டினார், பிறகு மீறிப் போனவர்களையும் திட்டினார். இவர்களைக் கடலை அழிக்கிறவர்கள் என்று பேசுகிறவர்கள் ஒருநாள் கூட வந்து பார்த்தால் தேவலை. சரி, அது வேறு பேச்சு.

அந்தப் பாசி ஐஸ்கிரீமுக்கும் ஜெல்லிக்கும் போகிறது என்று நாங்கள் சொன்னபோது அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் நோன்பு மாதத்தில் பக்கத்து வீட்டு அக்கா பாலில் காய்ச்சிய கடல்பாசியைத் துண்டு போட்டுக் கொண்டுவந்தால், "இது நான் பறிச்சதாத்தான் இருக்கும்" என்று முதல் துண்டை அவரே எடுத்துக்கொள்வார். பிள்ளை பெற்ற வீடு எதுவானாலும் அப்பத்தாவின் பால்சுறாப் புட்டு போய்ச் சேரும். வெற்றிலை, புகையிலை இரண்டையும் டாக்டர் விடச் சொன்னார். டாக்டரை விட்டுவிட்டார்!

என் கேள்வி இவ்வளவுதான். படகில் போகிற ஆண் மீனவர் என்றால், பாசிக்குப் போகிற பெண் யார்? பதிவில் 'இல்லை' என்று இருக்கிற ஆளுக்கு மீனவர் அட்டை, நிவாரணம் எல்லாம் எந்தக் கணக்கில் வரும்? சின்னப்பாலத்திலும் பாம்பனிலும் இப்போதும் கடலுக்குப் போகிற பெண்களைப் பார்த்து உங்கள் நிருபர் ஒரு கட்டுரை எழுத வேண்டும். இந்தக் காற்று ஓய்ந்து கடல் தெளிந்த பிறகு வந்தால் படகிலேயே கூட்டிப் போவார்கள்.

அப்பத்தாவின் படம் வேண்டுமென்றால் ஆதார் அட்டையில் இருப்பது ஒன்றுதான். அதைப் பார்த்தால் பெற்ற பிள்ளைக்கே அடையாளம் தெரியாது, போடாவிட்டாலும் வருத்தமில்லை.

இப்படிக்கு,
பாம்பன் வாசகர் ஒருவர்