தொடையில் கை ஊன்றி நடந்தவனின் நன்றி

எல்லோருக்கும் வணக்கம். போன வருடம் வீட்டு வாசலில் ரெண்டு முறை விழுந்தேன். அப்போது ஓடி வந்தவர்கள், போன் போட்டு விசாரித்தவர்கள் என்று ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகச் சொல்ல முடியவில்லை, அதனால்தான் இந்த மடல்.

1973-ல், ஒன்றரை வயதில் எனக்கு இளம்பிள்ளை வாதம். காய்ச்சலுக்குப் போட்ட ஊசியால்தான் வலது கால் போனது என்று அம்மா கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தாள். அதுவும் முழுக்கத் தப்பில்லை, போலியோ கிருமி உள்ளே இருக்கும்போது சதையில் ஊசி குத்தினால் வாதம் வர வாய்ப்பு அதிகமாம். கிருமி அழிப்பது முதுகுத்தண்டில் தசையை இயக்கும் நரம்பு செல்களை மட்டும்தான். எறும்பு கடித்தால் எனக்குச் சுரீர் என்று தெரியும், காலைத்தான் இழுத்துக்கொள்ள முடியாது.

பள்ளி முடிந்ததும் காலைத் தாங்கிப் பிடிக்கும் இரும்புச் சட்டமான கேலிப்பரைப் பரணில் போட்டுவிட்டு, வலது தொடையில் கையை ஊன்றியே முப்பது வருடத்துக்கு மேல் ஓட்டினேன். ஐம்பதைத் தாண்டியதும் நல்ல காலும் தளர ஆரம்பித்தது. ஓரிடத்தில் வயசாச்சு என்றார்கள், இன்னோரிடத்தில் எடை கட்டித் தூக்கச் சொன்னார்கள், பதினைந்தே நாளில் மாடிப்படி ஏற முடியாமல் போனது. 2011 ஜனவரிக்குப் பிறகு இந்தியாவில் யாருக்கும் இயற்கையான போலியோ வரவில்லை, போலியோ காலையே பார்த்திராத இளம் டாக்டர்களைக் குறை சொல்லி என்ன செய்ய!

விஷயத்தைப் பிடித்தது அந்த பிசியோதெரபி தங்கைதான். "செத்த நரம்போட வேலையையும் மிச்ச நரம்புங்க இத்தனை வருஷமா இழுத்திருக்கு அண்ணா, இப்ப அதுக்கு முடியல. களைப்பு வர்றதுக்கு முன்னாடியே உட்கார்ந்துடுங்க" என்றாள். அதுவரை களைத்து விழும்வரை நடப்பதுதான் வீரம் என்று நினைத்திருந்தேன்.

என்னைக் கேட்காமலே என் மேசையைக் கீழ்த்தளத்துக்கு இறக்கிய அலுவலக நண்பர்களே, அன்று கோபித்துக்கொண்டேன், மன்னியுங்கள். மூன்று முறை அளவெடுத்து, தேய்த்துத் தேய்த்துச் சரிசெய்து லேசான கேலிப்பர் செய்து தந்த பட்டறை அண்ணனுக்குப் பெரிய கும்பிடு. எழுந்து நின்றதும் முட்டிப் பூட்டு 'டக்' என்று விழுகிறதே, அந்தச் சத்தம் போதும் எனக்கு.

அப்புறம் எங்கள் தெரு டெய்லர். கை ஊன்றி ஊன்றி என் பேண்டெல்லாம் வலது தொடையில் மட்டும் நைந்துபோகும் என்பதால், நான் சொல்லாமலே அந்த இடத்தில் உள்பக்கம் இன்னொரு துணி வைத்துத் தைப்பார், அதற்குக் காசும் வாங்கியதில்லை. போன வாரம் புதுப் பேண்டுக்கு அளவெடுக்கும்போது கேலிப்பரைப் பார்த்துவிட்டு, "இனிமே அந்தத் துணி வேணாம்ல சார்?" என்றார்.

இருக்கட்டும், வைத்தே தைங்க என்றேன்.